காலுக்குத்தான் மாத்திரை

அரக்கு வேண்டாம், மாம்பழ மஞ்சள் வேண்டாம், கிளிப்பச்சையில் பெண்ணின் நிறம் மங்கித் தெரியும், ராமர் பச்சையை யாரோ ஒரு நாத்தனார் ஏற்கெனவே கட்டித் தீர்த்துவிட்டாள், ஆக மெத்தையில் விரிந்து கிடப்பதெல்லாம் வேண்டாம் என்று ஆன சேலைகள்தான், நானும் சிரித்தபடியே அடுத்ததை உருவுகிறேன், சிரிக்கத்தானே சம்பளம், அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு கொட்டாவி வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன். கல்யாணப் பெண்ணின் அம்மா பார்த்துவிட்டார். "நம்மளப் பாத்து இந்தம்மாவுக்கே தூக்கம் வந்துடுச்சு" என்று அவர் சொல்ல, பெரியம்மா சிரித்தார், பெண் மட்டும் சிரிக்கவில்லை. சுபிக்ஷா என்று பெயர். வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்து ஒரு நிறம் கேட்கவில்லை. தூக்கம் இல்லை அம்மா இது, தூக்கம் வந்தால்தான் தேவலையே, தூங்கி எழுந்த மாதிரி கொட்டாவி வரும், கண்ணில் தண்ணீர் வரும், மூக்கு ஒழுகும், கை மயிரெல்லாம் குத்திட்டு நிற்கும், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன் என்று நானே என்னிடம் சொல்லிக்கொள்வேன். "எக்கா, மறுபடியும் சளியா" என்று பக்கத்து மெத்தையிலிருந்து முப்பிடாதி கேட்கிறாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, பட்டுப் பிரிவுக்கு என்னோடு வந்தவள். "ஆமாட்டி, இந்த ஏசி" என்றேன். ஏசி பாவம், அது எல்லாருக்கும்தான் ஓடுகிறது. முப்பிடாதியின் மூக்கு ஏன் ஒழுகவில்லை என்று அது என்னைத் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன். டீ நேரம் வரட்டும், டீ நேரம் வந்தால் ஸ்டாஃப் ரூமுக்குப் போகலாம், லாக்கரில் கைப்பை, கைப்பைக்குள் பழைய தைல டப்பா, தைலம் தீர்ந்து வெகுநாளாகிறது, அதற்குள்தான் இருக்கிறது. டப்பாவில் எதற்கு, அட்டையோடு வைத்தால் என்ன, எல்லாரும் மாத்திரை அட்டையைப் பைக்குள் அப்படியேதானே போட்டு வைக்கிறார்கள். பிதுக்கி எடுத்து டப்பாவில் போட்டு மூடி வைப்பது யாருக்காக. ஒளித்து வைக்கிறாரா என்று தம்பியைச் சேர்த்திருக்கும் மையத்தில் அந்த ஆலோசகர் அம்மா கேட்டார். அது என்னைக் கேட்டதில்லை, தம்பியைப் பற்றிக் கேட்டது, நான் எதற்கு அதை இப்போது நினைக்கிறேன்.

"அந்த மேல் அடுக்குல இருக்கே, அது என்ன கலரு?" வெங்காயத் தோல் கலர்மா, எடுக்கட்டுமா. எட்டி எடுத்தேன். முழங்காலில் எழுந்து நின்று கையை உயர்த்தும்போது காலுக்குள் ஏதோ ஊர்ந்தது. வலிதான். வலிக்கிறது பார், இல்லை என்று யார் சொன்னது. இந்தக் காலின் கதை தம்பி ஜெபசிங்குக்கு என்ன தெரியும், அவன் கால்சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் நான் இந்த ஊருக்கு பஸ் ஏறினேன். கீழ்த்தளத்தில் சில்க் காட்டன், அப்புறம் ஃபேன்சி, அப்புறம் பாவாடைத் துணி, காலையில் ஷட்டர் ஏறுவதிலிருந்து ராத்திரி இறங்குவது வரை நிற்க வேண்டும், அலமாரியில் சாயக் கூடாது, கூட்டம் இல்லாவிட்டாலும் சாயக் கூடாது, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றால் சூப்பர்வைசர் பார்ப்பார். ஹாஸ்டலுக்குப் போய்க் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுப்போம், ஒரு அறைக்கு எட்டுப் பேர், சுவர் முழுக்கக் குதிகால் அழுக்கு. கணுக்கால் வீங்கி, நரம்பு புடைத்து, ஒரு கிறிஸ்துமஸ் சீசனில் படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் டாக்டர் எழுதிக் கொடுத்தார், ரொம்ப வலித்தால் மட்டும் போடுங்கள், கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். நல்ல டாக்டர், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் மாத்திரை போட்ட அன்று மத்தியானம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கால் இருப்பதே மறந்துபோயிற்று. காலோடு சேர்த்து வேறு சிலதும் மறந்தது. வந்து பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைகள், வராமலே இருந்துவிட்ட கடிதம், ஊரில் அம்மா இறந்த அன்று தீபாவளி வியாபாரத்தில் லீவு கிடைக்காமல் மறுநாள் போய்ச் சேர்ந்தது, எல்லாம் ஒரு எட்டு தள்ளிப் போய் நின்றது. கடையில் பாட்டு ஓடுகிறது என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். கால் வலி போய்விட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை.

ஜெபசிங் கதை வேறு. அதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், வேறு, வேறு. துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டும் வேலைக்குச் சேர்ந்தான், ராத்திரி ஷிஃப்ட், இரும்புச் சங்கிலியைத் தூக்கித் தூக்கித் தோள் கழன்றது, கூட வேலை பார்த்தவன் ஒருவன் மாத்திரை கொடுத்தான். அப்புறம் வேலை போனது, தோள் ஆறிவிட்டது, மாத்திரை போகவில்லை. என் வளையல் போனது, ஹாஸ்டல் வாசலில் வந்து நின்று "எக்கா, கடைசி தடவை" என்று அழுதான், பொய்யாக அழுதான், மறுவாரமும் அழுதான். நான்தான் இழுத்துக்கொண்டு போய் அந்தப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன், திருவள்ளூர் தாண்டி, வயல் நடுவே, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். அங்கே ஆலோசகர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், என்னைவிட இளையவர், எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான், எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன், வகுப்பில் முந்திரிக்கொட்டையாகக் கை தூக்குகிற பிள்ளை மாதிரி. அளவு கூடிக்கொண்டே போனதா? ஆமா மேடம். ஒளித்து வைக்கிறாரா? ஆமா மேடம். நிறுத்த வேண்டும் என்று நினைத்து முடியாமல் போயிருக்கிறதா? எத்தனையோ தடவை மேடம். கிடைக்காத நாளில் உடம்பு என்ன செய்கிறது? கொட்டாவி விடுவான் மேடம், மூக்கு ஒழுகும், எரிந்து எரிந்து விழுவான். கெடுதல் என்று தெரிந்தும் கை அதனிடமே போகிறதா? அதற்கும் ஆமா சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டார். "முதல்ல எதுக்காகப் போட ஆரம்பிச்சாரோ, அந்தக் காரணம் இப்பவும் இருக்காம்மா?" தோள் எப்போதோ சரியாகிவிட்டது மேடம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அவ்வளவுதாம்மா. காரணம் போயிடும், அது மட்டும் இருக்கும். அதத்தான் நாங்க அடிமையாகிறதுன்னு சொல்றோம். இது கெட்ட புத்தி இல்ல, நோய். அவரைத் திட்டாதீங்க." நான் திட்டமாட்டேன் என்று தலையாட்டினேன். அவன் போட்டது போதை மாத்திரை, நான் போடுவது வலி மாத்திரை. இது சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

"மெத்தையில விரிச்சு காட்டினாதான் தெரியும், நீங்க கையிலயே வெச்சினு இருக்கீங்க." பெரியம்மா சொல்லித்தான் பார்த்தேன், வெங்காயத் தோல் கலரை நான் இன்னும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறேன். மன்னிச்சிக்கோங்கம்மா. உதறி விரித்தேன். எனக்கென்று ஒரு உதறல் உண்டு, ஒரே வீச்சில் முந்தி போய் வாடிக்கையாளர் காலடியில் விழும், முதலாளியே ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்குப் பாதி வழியில் சுருண்டு விழுந்தது. இழுத்து நேராக்கினேன். தோளில் வலி, முழங்கையில் வலி, விரல் எலும்புக்குள் வலி. கால்வலி கைக்கு எப்படி வந்தது. கால் நின்றது, சரி, ஒத்துக்கொள்கிறேன். கை எந்தக் கடையில் நின்றது? கண் இமைகூட வலிக்கிறது, இமை என்றைக்கு அலமாரியில் சாயாமல் நின்றது? இந்த நினைப்பு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பெண்ணின் அம்மா தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துப் பதிலுக்குச் சிரித்தார். காலையில் போட்டிருக்கலாம். போடவில்லை, வேண்டுமென்றே போடவில்லை, திங்கட்கிழமையிலிருந்து இதேதான் செய்கிறேன். இன்றைக்குப் போடமாட்டேன் என்று எழுந்திருப்பேன், மத்தியானச் சாப்பாட்டோடு தோற்றுப்போவேன். இன்றைக்கு டீ வரைக்கும் இழுத்துவிட்டேன், நேற்றைவிட இது பெரிது, பார்த்தாயா ஜெபசிங்கு, என்னால் போடாமல் இருக்க முடியும், நான் ஒன்றும் உன்னை மாதிரி இல்லை. போடாமல் இருக்க முடிகிறவள் காலையிலிருந்து அதைத் தவிர வேறு எதையாவது நினைத்தாளா என்று கேட்கிறான், அவன் கேட்கவில்லை, நான்தான் அவன் குரலில் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையால் வந்தது. பஸ் மாறி, ஷேர் ஆட்டோ ஏறி, அவனுக்குப் பிடிக்கும் என்று எங்கள் ஊர்ப் பலகாரம், முந்திரிக்கொத்து வாங்கிக்கொண்டு போனேன். கேட்டில் இருந்தவர் ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டாக உடைத்துப் பார்த்தார், உள்ளே ஏதாவது வைத்துக் கொண்டுவந்திருப்பேனோ என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில். "என் தம்பிக்கு நானே விஷம் கொண்டு வருவேனாய்யா" என்று கேட்டேன். அவர் நொறுங்கியதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என் கைப்பையை அவர் தொடவில்லை. பெண்பிள்ளை பையை எதற்கு என்று நினைத்திருப்பார். தைல டப்பா அதற்குள்தான் இருந்தது. உடைந்த முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உடையாத டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன், அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். நன்றாக இருந்தான், கன்னத்தில் சதை போட்டிருந்தது, காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து உள்ளதைச் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே வைத்தியம் என்றான். பேசிக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். நான் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தேன் போல. "எக்கா, இங்கன வெளிச்சத்துல திரும்பு. கண்ணைக் காட்டு" என்றான். எதற்குலே என்று திரும்பினேன். "கண்ணுமணி கடுகா சுருங்கிப்போய் இருக்கு. எத்தனை போடுத?" எனக்கு முதலில் புரியவில்லை, அது பொய், உடனே புரிந்தது. கால் வலிக்குப் போடுகிறேன், டாக்டர் எழுதினது என்றேன். "அட்டை என்ன கலரு" என்றான். சொன்னேன். "அதுவும் நான் போட்டதும் ஒண்ணுதான்க்கா. பேரு வேற." ஓங்கி ஒரு அறை விட்டேன். நாற்பது வயதைத் தாண்டியவள், முப்பது வயது ஆம்பிளையை, எல்லாரும் பார்க்க. அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. நான் எழுந்து நடக்கும்போது பின்னாலிருந்து சத்தம் போடாமல் சொன்னான். "நீ உள்ளதைச் சொல்ல மாட்டன்னா நான் மட்டும் எதுக்கு இங்க உக்காந்து தினம் சொல்லிக்கிட்டு கெடக்கணும்? நானும் வெளிய வாரேன். ரெண்டு பேரும் போட்டுக்கிட்டு இருப்போம்." அதற்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மையத்தில் வாரத்துக்கு ஒரு போன். வியாழக்கிழமை, எங்கள் டீ நேரத்துக்கு, அந்த நேரத்தில்தான் எனக்கு லாக்கரிலிருந்து போனை எடுக்க விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கு வியாழக்கிழமை. நேற்று மையத்து வார்டன் எனக்குப் போன் போட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்கள் தம்பி காலை வட்டத்தில் வாய் திறப்பதில்லை, பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறார், நாளைக்கு உங்களிடம் பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்கிறார், நாங்கள் கட்டிப்போட முடியாதும்மா, நீங்கள்தான் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். வெளியே வந்தால் அவன் பிழைக்கமாட்டான். அது எனக்குத் தெரியும், எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான். நல்ல வார்த்தை என்றால் என்ன வார்த்தை. ஒழுங்காக இருலே, அக்கா சொன்னால் கேள்லே. அவன் கேட்கப்போவது ஒன்றே ஒன்று, அதற்கு என்னிடம் இருக்கும் பதிலும் ஒன்றே ஒன்று, காலுக்குத்தான்லே, காலுக்குத்தான். மணி அடித்துவிட்டது. முதல் பேட்ச் டீக்கு இறங்குகிறது, படிக்கட்டில் செருப்புச் சத்தம். நானும் அந்தப் பேட்ச்தான். ஆனால் முகூர்த்தப் பட்டு வாடிக்கையாளரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது, அது எங்கள் பிரிவில் எழுதாத சட்டம். போன் அடிக்கும். எடுக்காவிட்டால் அவன் பெட்டியைத் தூக்குவான். டப்பாவும் அங்கேதான் இருக்கிறது. போனை நினைத்தேனா டப்பாவை நினைத்தேனா, உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் எது முதலில் நினைவுக்கு வந்தது. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை, சட்டென்று முழங்காலில் எழுந்து கைக்கு வந்ததை உருவினேன். "இதப் பாருங்கம்மா, கத்தரிப்பூ கலர், உங்க பொண்ணுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுபிக்ஷாவின் தோளில் போட்டேன். முதல் சேலையைத் தோளில் போடுவதில் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. எத்தனை சேலை மெத்தையில் விரிந்தாலும் தோளில் முதலில் விழுவது மங்கலமான நிறமாக இருக்க வேண்டும், அதை வயதில் மூத்த விற்பனைப் பெண் போட வேண்டும், போடும்போது நான் மனதுக்குள் சின்னதாக ஒரு ஜெபமும் சொல்வேன், எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும். இன்றைக்கு ஜெபமும் சொல்லவில்லை. பெரியம்மா முந்தியைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தார். "அய்யய்யோ. கருப்புங்க இது!"

கறுப்புதான். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அடித்தட்டில் ஒதுக்கி வைத்திருக்கும், நாட்டியக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் எடுப்பது, முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் கண்ணிலேயே படக் கூடாது என்று புதுசாக வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுப்பது. பெண்ணின் அம்மா முகம் கோணியது. "மொதமொதல்ல தோள்ல விழுந்ததே கருப்பா" என்றார், அவ்வளவுதான் சொன்னார், கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. சுபிக்ஷா அந்தச் சேலையை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள். "பரவால்லம்மா, அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல, கை நடுங்குது பாரு" என்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. சேலையைப் பார்க்காமல் இவ்வளவு நேரமும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சூப்பர்வைசர் மாதவப்பெருமாள் ஓடி வந்தார், கும்பிட்டார், மன்னிப்புக் கேட்டார், முப்பிடாதியைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்கார வைத்தார், என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "என்ன பியூலா, உங்களுக்கே இப்டின்னா எப்டி? கால் வலி ஜாஸ்தியா இருக்கோ?" என்றார். ஆமா சார் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது, வாயிலேயே வைத்திருந்த மாதிரி. "போங்க, டீ குடிச்சிட்டு, ஒரு மாத்திரையப் போட்டுட்டு வாங்க" என்றார். எத்தனை நல்லவர்கள் எனக்கு. எல்லாருக்கும் என் காலைத் தெரியும், எல்லாரும் என் காலுக்காக வருத்தப்படுகிறார்கள்.

படி இறங்குகிறேன். வேகமாக இறங்குகிறேன், ஒன்றுவிட்டு ஒன்றாக, கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. பாதிப் படியில்தான் அது என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்தப் படியில்தான் அன்றைக்கு ஏற முடியாமல் உட்கார்ந்தேன், இதே திருப்பத்தில், தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடத்தில். இப்போது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையாக ஓடுகிறேன். காலைக் குனிந்து பார்த்தேன். வீக்கம் இல்லை. கணுக்காலில் எலும்பு தெரிகிறது, அது தெரிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பட்டுப் பிரிவுக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது, மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வேலை, நிற்பதே இல்லை. உட்கார்ந்தே இருக்கும் காலுக்கு எதற்கு மாத்திரை. கீழே நின்ற காலத்தில் போட்டதைவிட இப்போது கூடப் போடுகிறேன், அது எந்தக் காலுக்கு. முதலில் எதற்காகப் போட ஆரம்பித்தாரோ அந்தக் காரணம் இப்பவும் இருக்காம்மா. தோள் எப்போதோ சரியாகிவிட்டது மேடம். எவ்வளவு துடியாக, எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன், பேனாவை மூடி வைத்தாரே, என் முகத்தைப் பார்த்துத்தான் மூடினாரோ. மருந்துக்கடையில் என்னைக் கண்டதும் அந்த ஆள் ஒன்றும் கேட்காமல் மேல் தட்டுக்குக் கையை நீட்டுகிறான், அவன் தப்பாக நினைக்கக் கூடாது என்று அடுத்த தெருவில் இன்னொரு கடை வைத்திருக்கிறேன், அங்கே முதல் கடையைப் பற்றிச் சொல்வதில்லை. கால் வலிக்காரி எவளாவது இரண்டு கடைக்குப் போவாளா. எனக்குப் பயமாக இருந்தது. அழவேண்டும் போல இருந்தது. அதோடு, அந்தப் பயத்தின் நடுவிலேயே, கை லாக்கர் சாவியைத் தேடி எடுத்துவிட்டது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை, எல்லாரும் கேன்டீனில். டப்பாவைத் திறந்தேன். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னேன், என் காதிலேயே விழுந்தது, விழுந்துகொண்டிருக்கும்போதே நாக்கில் வைத்துவிட்டேன். கசப்பு. தண்ணீர் பாட்டில் காலி. கேனுக்குப் போக வேண்டும், இரண்டு எட்டு வைத்திருப்பேன், லாக்கருக்குள் போன் அடித்தது.

"எக்கா."

மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கினேன். "ம்" என்றேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"வாயில என்ன?" என்றான்.

கசப்பு நாக்கின் அடிவரை இறங்கிவிட்டது. துப்பலாம். குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. துப்பிவிட்டு ஒன்றுமில்லைலே, மிட்டாய் என்று சொல்லலாம், அவன் நம்பமாட்டான், நம்பின மாதிரி இருந்துவிடுவான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிடுவான். நான் துப்பவில்லை. தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். தொண்டையில் உராய்ந்து உராய்ந்து இறங்கியது, அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"மாத்திரை" என்றேன்.

அப்புறம் ரொம்ப மெதுவாக, சின்ன வயதில் நான் அழுதால் பக்கத்தில் வந்து உட்காருவானே, அந்தக் குரலில் கேட்டான். "கால் வலியாக்கா?"

அறை வாங்கினவன், என் பொய்யை என் கையிலேயே எடுத்துக் கொடுக்கிறான், பிடித்துக்கொள் அக்கா என்று. ஆமாலே என்று சொன்னால் முடிந்தது. மாதவப்பெருமாளிடம் வந்த மாதிரி வந்துவிடும்.

"கால் வலிக்கலைலே" என்றேன். "மூணு மாசமா மெத்தையில உக்காந்துதான் இருக்கேன். வலியே இல்ல. இன்னிக்கு ஒரு பொண்ணுக்கு முகூர்த்தத்துக்குக் கறுப்பைப் போட்டுட்டேன். இப்பக்கூட வேண்டாம்னு சொல்லிக்கிட்டேதான் போட்டேன். என்னால முடியல. எனக்குப் பயமா இருக்குலே."

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. இந்தத் தடவை பொய்யில்லை, இத்தனை வருடத்தில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். பின்னால் யாரோ நேரமாச்சு, நேரமாச்சு என்று அவனை அவசரப்படுத்தினார்கள்.

"நான் பெட்டியப் பிரிச்சிடுதேன்" என்றான். "நாளைக்குக் காலையில வட்டத்துல எந்திரிச்சுப் பேசிடுதேன். நீ ஞாயித்துக்கிழமை வா. அந்த மேடம் இருப்பாவ. சட்டுனு நிப்பாட்டிராத, அவுககிட்ட கேட்டு நிப்பாட்டு. என்ன, கேக்குதா?"

"கேக்குது."

"முந்திரிக்கொத்து கொண்டு வா. கேட்டுல உடைச்சா உடைக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஆனா இந்தத் தடவை உன் பையையும் அவர்ட்ட குடுத்துட்டு உள்ள வாக்கா."